மன்னர் கொடுத்த மண்ணும் மன்று கேட்ட சாட்சியும்

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருவீதியிலே, பேராதனையைத் தாண்டிச் சில மைல் சென்றதும் எதிர்ப்படும் சிறு பட்டணம் கெலிஓயா. மகாவலி கங்கையும் புகையிரதப் பாதையும் அதனை ஒட்டிச் செல்கின்றன. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழும் கடைத்தெரு அது. பயணிகளிற் பெரும்பாலோர் இறங்காமலே கடந்துவிடுவர். ஆயினும், காணியுரிமை என்றால் என்ன, அது தந்தையிடமிருந்து மகனுக்கு எவ்வாறு வருகின்றது, இடையில் எவ்வாறு தொலைகின்றது என்று சிந்திக்க விரும்புவோர் இறங்கிப் பார்க்கவேண்டிய இடம் இதுவே.

கெலிஓயாவிலிருந்து மேற்கே உடுநுவரக் குன்றுகளுக்குள் ஏறினால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்னும் மூன்று புகழ்பெற்ற தலங்களைக் காணலாம். அவற்றுள் முதலிரண்டும் கம்பளையைத் தலைநகராகக்கொண்ட நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344ஆம் ஆண்டில் எழுந்தவை. கடலாதெனியக் கோயிலை அமைத்த சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி என்று அங்குள்ள கல்வெட்டே கூறும். லங்காதிலக விகாரை நிற்கும் பாறையிலோ, அவ்விகாரைக்கும் அங்குள்ள தேவர்களுக்கும் வழங்கப்பட்ட நிலங்கள் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளன. மலைநாட்டின் நடுவே, பௌத்த விகாரையொன்றின் காணிக்குத் தமிழ்ச் சாசனம் சாட்சி நிற்பதைக் கண்டு வியவாதார் இலர்.

அக்கல்வெட்டு எழுதப்பட்டு ஆறரை நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கம்பளை அரசு மறைந்தது. கண்டியரசு தோன்றி, நாயக்க மன்னர் கைக்கு மாறி, 1815இல் அதுவும் முடிவுற்றது. பிரித்தானியர் வந்தனர், சென்றனர். இத்தனைக்கும் பின்னர், லங்காதிலக விகாரையின் நிலங்களும் அவற்றை உழுதவர் செய்துவந்த கோயிற் பணிகளும் இருபதாம் நூற்றாண்டிலும் நிலைத்திருந்தமையை, ஹான்ஸ் டீற்றர் எவர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1972இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் விரித்துரைத்துள்ளார். அந்தப் பாறையிலிருந்து பார்த்தால் தெரியும் மலைச்சரிவுகளிலோ கதை வேறு. அங்கே எத்தனையோ குடும்பங்கள் பரம்பரையாக ஆண்ட காணிகள், ஒரே தலைமுறைக்குள் அவர்கள் கையைவிட்டு அகன்றன. ஒன்று நிலைத்தது ஏன்? மற்றது தொலைந்தது ஏன்? இதுவே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா.

அரசன் கொடுத்த வகை

கண்டியரசில் மண் முழுவதும் மன்னனுக்குரியது என்பது கொள்கை. ஆனால் நடைமுறையில் அது பலவகைக் கைகளில் இருந்தது. அரண்மனைக்கு நேரே பயன் தந்தவை கபடாகம. விகாரைகளுக்கு விடப்பட்டவை விகாரகம. தேவாலயங்களுக்கு விடப்பட்டவை தேவாலகம. பிரதானிகளுக்கு அளிக்கப்பட்டவை நிந்தகம. இவற்றுக்குள்ளே குடியானவன் தன் பங்கை உழுது, அதற்கு ஈடாக இராஜகாரியம் என்னும் ஊழியத்தைச் செய்துவந்தான். தந்தைவழி வந்த அப்பங்கைச் சிங்களவர் ‘பரவேணி’ என்பர். யாழ்ப்பாணத்தார் ‘முதுசொம்’ என்பது போல.

பெருங்கொடைகளுக்கு மன்னன் ‘சன்னஸ்’ என்னும் பட்டயம் வழங்கினான். அது செப்பேடாகவோ, கல்லாகவோ, ஓலையாகவோ இருக்கும். கொடையை மீறுவோருக்குச் சாபமிடுவது மரபு. எழுத்தறியாதவரும் அச்சாபத்தை உணருமாறு காகத்தையும் நாயையும் கல்லிற் செதுக்குவதும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பட்டயம் பெற்றோர் பிரதானிகளும் கோயில்களும் சேவைக்காகச் சிறப்பிக்கப்பட்டோருமே. சாதாரணக் குடியானவனுக்கு எவரும் செப்பேடு எழுதிக் கொடுக்கவில்லை. அவனுடைய வயலை அயலார் அறிவர்; அவன் பாட்டன் செய்த ஊழியத்தை ஊரே அறியும். அதுவே அவனுக்குப் பட்டயமாயிருந்தது.

எல்லையும் அவ்வாறே. வயலின் அளவைச் சங்கிலிகொண்டு எவரும் அளக்கவில்லை. எவ்வளவு விதை விதைக்கலாம் என்பதே அளவு. பத்து லாக ஒரு பேல. நான்கு பேல ஓர் அமுணம். ஓர் அமுண வயல் ஏறக்குறைய இரண்டு அல்லது இரண்டரை ஏக்கராகலாம். எல்லையாக ஓர் ஓடை, ஒரு பாறை, ஒரு பலாமரம் குறிக்கப்படும். மேட்டு நிலத்திலே சேனைப் பயிர் செய்தவர்கள், ஓராண்டு விதைத்துப் பல ஆண்டுகள் காடு வளரவிட்டு, மீண்டும் வந்து விதைப்பர். காடு வளர்ந்து நிற்கும் காலத்திலும் அஃது அவர்களுடையதே என்பதில் ஊருக்கு ஐயமில்லை.

ஒரு சட்டமும் ஒரு சொல்லும்

1815 மார்ச் 2ஆம் தேதி கண்டியிற் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் நான்காம் பிரிவு, சகல வகுப்பு மக்களின் உயிருக்கும் உடைமைக்கும், அவர்களிடையே வழங்கிவந்த சட்டம், வழக்கம் ஆகியவற்றுக்கிணங்கப் பாதுகாப்பளித்தது. மன்னன் போனான், மண் அவரவருடையது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவிற் கோப்பி பயிரிட்டார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிற் பயிரிட்டார். 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. 1830களின் பிற்பகுதியிற் கோப்பியின் விலை ஏறவே, மலைநாட்டு நிலத்துக்குப் பெருங்கிராக்கி உண்டாயிற்று. அந்த வேளையிலே பிறந்ததுதான் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம்.

அச்சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்வது இதுதான்: காடுகளும் தரிசுகளும், எவரும் குடியிராத, பயிரிடாத நிலங்களும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றே கொள்ளப்படும். கண்டிப் பகுதிகளிலுள்ள சேனைகளும் முடிக்குரியவையே. அவற்றுக்கு உரிமை கோருவோர் சன்னஸ் பட்டயத்தையும் அதன் எல்லைகளுக்குத் திருப்தியான சாட்சியத்தையும் காட்டவேண்டும். அன்றேல், அதே மாவட்டத்திலுள்ள தனியார் நிலங்களுக்கு வழக்கமாகச் செலுத்தப்படும் வரியோ ஊழியமோ இருபது ஆண்டுகளுக்குள் அந்நிலத்துக்குச் செலுத்தப்பட்டதை நிரூபிக்கவேண்டும். பட்டயம் வேண்டும் என்ற இந்த நிபந்தனை கண்டிப் பகுதிகளுக்கே விதிக்கப்பட்டது. கரைநாட்டுச் சேனைகளுக்கு அஃது எழுதப்படவில்லை.

வாசகர்கள் இதனைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். எவருடைய காணியையும் பறிமுதல் செய்கிறோம் என்று இச்சட்டம் கூறவில்லை. உடன்படிக்கையை மீறுகிறோம் என்றும் கூறவில்லை. நிரூபிக்கும் பொறுப்பை மட்டும் இடம் மாற்றி வைத்தது. நேற்றுவரை, ‘இது உன்னுடையதன்று’ என்று சொல்ல வந்தவன் சான்று காட்டவேண்டியிருந்தது. இன்று முதல், ‘இது என்னுடையது’ என்று சொல்பவன் சான்று காட்டவேண்டும். குடியானவன் பெறாத பட்டயத்தை எங்ஙனம் காட்டுவான்? ஓடையும் பலாமரமும் எல்லையாயிருந்த நிலத்துக்கு அளவைப் படம் எங்ஙனம் கொணர்வான்? சேனைக்கு வரியோ ஊழியமோ இறுத்ததற்குச் சாட்சி ஊராரின் நினைவே. அந்த நினைவு எழுத்தை நாடும் மன்றில் எவ்வளவு தூரம் செல்லும்?

அக்காலத்திலே ஓர் ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலைக்கு முடிக்காணிகள் விற்கப்பட்டன. வாங்கியோர் பட்டியலில் தேசாதிபதி ஸ்டூவர்ட் மக்கென்சியும், நில அளவைத் தலைவரும், மற்றும் பல உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். நிலம் எவருடையது என்று தீர்மானிக்கும் கையே அதனை விலைக்கும் வாங்கிற்று. உத்தியோகத்தர் தோட்டம் வைத்திருப்பதற்குச் சில ஆண்டுகளிலே லண்டனிலிருந்து தடை பிறந்தது. ஆனால் விற்ற நிலம் விற்றதுதான்.

நியாயமாகப் பேசுவோமாயின் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். தோட்டங்கள் எழுந்தது பெரும்பாலும் உயர்ந்த காடுகளிலும் சேனைச் சரிவுகளிலுமே. வயல்கள் பொதுவாகக் கிராமத்தாரிடமே நின்றன. எனினும் மாடு மேய்ந்த மேடும், விறகு தந்த காடும், பஞ்ச காலத்திற் குரக்கன் தந்த சேனையும் போனபின், வயல் மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்குமா? தலைமுறைதோறும் பங்குகள் சிறுத்துச் சென்றன, விரிவதற்கு இடமில்லை.

விகாரைக் காணிகளின் வரலாறு வேறு வழியிற் சென்றது. 1856ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் கோயிற் காணிகளை ஆராய்ந்து பதிவு செய்தது. 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் ஊழியங்களை வரையறுத்து, விரும்பினால் பணமாகச் செலுத்தவும் வழிவிட்டது. விகாரைக்குக் கல்வெட்டு இருந்தது, பெயர் இருந்தது, சாவு இல்லை. பாகப்பிரிவினை இல்லாத வாரிசு அது. ஆதலின் நிலைத்தது.

1815இல் எழுதிய மற்றொரு பட்டயம்

கண்டி உடன்படிக்கை எழுதப்பட்ட அதே 1815ஆம் ஆண்டு டிசம்பரிலே, உலகின் மறுகோடியில், ஸ்பானிய மன்னரின் ஆட்சியிலிருந்த புளோரிடாவில், ஜுவான் பேர்ச்மன் என்னும் படைவீரனுக்கு அவனது சேவைக்காக 2,000 ஏக்கர் நிலத்தை ஸ்பானியத் தேசாதிபதி வழங்கினார். நான்காண்டில், 1819ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி புளோரிடாவை ஐக்கிய அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுக்க ஸ்பெயின் இசைந்தது. காணிகளை ஆராய வந்த அமெரிக்க ஆணையாளர்கள் பேர்ச்மனின் கோரிக்கையைத் தள்ளிவிட்டனர். அவன் மன்றேறினான். 1833இல் அவ்வழக்கு பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் முன் வந்தது.

ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதி, ஸ்பானியக் கொடைகள் இனிமேல் உறுதி செய்யப்படவேண்டும் என்ற கருத்துப்பட அமைந்திருந்தது. நான்காண்டுகளுக்கு முன்னர், 1829இல், வேறொரு வழக்கில் அதே மன்று அந்த ஆங்கில வாசகத்தையே கொண்டு, காங்கிரஸ் சட்டம் இயற்றாமல் கொடை செல்லாது என்று தீர்த்திருந்தது. இம்முறை ஸ்பானியப் பிரதி எடுத்து வாசிக்கப்பட்டது. கொடைகள் உறுதியாகவே நிலைத்திருக்கும் என்பது அதன் பொருள். நாட்டை வென்றவரும் அரசனை மாற்றுகின்றனரேயன்றி மக்களின் உடைமையைத் தொடுவதில்லை. அதுவே நாகரிக உலகின் வழக்கம் என்று மார்ஷல் விளக்கினார். பேர்ச்மன் வென்றான். ஒப்பந்தத்தை எந்த மொழியிற் படித்தனர் என்பதிலேயே ஒரு மனிதனின் முதுசொம் தங்கியிருந்தது.

ஆனால் இந்த நீதி எங்கும் பரவவில்லை. 1848இல் மெக்சிக்கோவிடமிருந்து கலிபோர்னியாவைப் பெற்ற அமெரிக்கா, 1851இல் இயற்றிய சட்டத்தின் மூலம், ஸ்பானிய, மெக்சிக்கக் கொடையாளர் அனைவரும் இரண்டாண்டுக்குள் ஆணைக்குழுவின் முன் தம் உரிமையை நிரூபிக்கவேண்டும், தவறினால் நிலம் பொதுநிலமாகும் என்றது. எண்ணூறுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. ஒரு கோரிக்கை முடிவுபெறச் சராசரி பதினேழு ஆண்டுகள் சென்றன. வென்றவர் பலரும் அதற்குள் வழக்குச் செலவுக்கே நிலத்தை விற்றுவிட்டனர். கண்டியிற் செய்த காரியமே அங்கும் நடந்தது: பறிக்கவில்லை, நிரூபிக்கச் சொன்னார்கள்.

பிரித்தானிய சாம்ராச்சியத்தின் உச்ச மன்றாகிய கோமறைக் கழகமோ 1924இல், குஜராத்திலிருந்து வந்த வஜேசிங்ஜி வழக்கிலே, முந்திய அரசன் கொடுத்த உரிமை புதிய அரசுக்கெதிராகச் செல்லாது, புதிய அரசு எதனை ஏற்றுக்கொண்டதோ அதுவே உரிமை என்று இன்னும் வெளிப்படையாகத் தீர்த்தது. மார்ஷல் கூறியதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள தூரம்.

வாரிசுகளின் கையெழுத்து

உரிமை ஐயத்துக்கிடமாகும்போது, அதனை மலிவாக வாங்க வருவோர் எங்கும் உண்டு. இலங்கையிலே சி. ஜே. ஆர். லெமெசூரியர் என்னும் சிவில் சேவை உத்தியோகத்தரின் கதை விசித்திரமானது. கண்டியச் சட்டத்தைக் கூறும் ‘நீதி நிகண்டுவ’ என்ற நூலை, பானபொக்கையுடன் இணைந்து 1880இல் ஆங்கிலத்தில் தந்தவர் அவர். உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டபின், 1890களில் தென்மாகாணக் கிராமத்தாரின் காணியுரிமைகளை விலைக்கு வாங்கி, முடிக்கெதிராகவே வழக்குகள் தொடுத்தார். 1897ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தரிசுநிலச் சட்டம் பிறந்தமைக்கு இத்தகைய கொள்வனவுகளும் ஒரு காரணம். அச்சட்டத்தின்படி அறிவித்தல் வெளியிடப்பட்டு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் நிலம் முடிக்குரியதாகும். ஒரு வழக்காளியை அடக்க எழுந்த சட்டம், வழக்காடத் தெரியாத ஆயிரம் பேர்மீது விழுந்தது. 1931இல் அதற்குப் பதிலாகக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது.

டெக்சஸ் மாநிலத்தின் பாத்ரே தீவின் கதையும் இதனையொத்தது. நிக்கொலாஸ் பாயி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஸ்பானிய முடியிடம் கேட்டுப் பெற்ற நெடுந்தீவு அது. அவர் பெயராலேயே அத்தீவு இன்றும் வழங்குகின்றது. 1829இல், மெக்சிக்க ஆட்சியிலே, அதற்கு உறுதியும் கிடைத்தது. 1938இல் நியூயோர்க் வழக்கறிஞர் ஒருவர் பாதிரியாரின் குடும்ப வாரிசுகளைத் தேடிச் சென்று அவர்களின் பங்குகளை எழுதி வாங்கினார். எண்ணெய், எரிவாயு வருவாயில் ஒரு பங்கு தமக்கென ஒதுக்கப்பட்டிருந்தும் அது தம்மை வந்தடையவில்லை என்று 1990களில் வாரிசுகள் வழக்கிட்டனர். 2000ஆம் ஆண்டில் பிரவுன்ஸ்வில் நகரத்து ஜூரிமார் அவர்கள் பக்கம் தீர்த்தனர். 2008இல் டெக்சஸ் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. காலம் கடந்து வந்தீர்கள் என்பதே காரணம்.

மன்றுகளின் கடுமைக்கு ஒரு நியாயம் இல்லாமலில்லை. ஜேம்ஸ் ரீவிஸ் என்பவன் பொய்ப் பட்டயங்களைப் புனைந்து, அரிசோனாவில் ஏறக்குறைய 120 இலட்சம் ஏக்கருக்கு உரிமை கோரி, 1895இல் பிடிபட்டுச் சிறை சென்றான். பிலிப்பைன்ஸ் நாட்டிலே 1894ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு ஸ்பானியப் பத்திரத்தைக் காட்டி 1,73,000 ஹெக்டயருக்கு உரிமை கோரியது ஒரு குடும்பம். மணிலா நகரத்தை ஒட்டிய குடியிருப்புகளும் அதனுள் அடங்கும். 1996 டிசம்பரில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அப்பத்திரத்தைச் செல்லாதென்றது. நம் நாட்டிலும் போலிச் சன்னஸ்கள் தோன்றாமலில்லை. பட்டயத்துக்கு மட்டுமே மதிப்பென்று விதித்தால், பட்டயம் புனைவோர் பெருகுவர். பட்டயமில்லாத மெய்யான உரிமையாளனோ வெளியே நிற்பான்.

உறுதியில்லாக் குடிகள்

‘எவருக்கும் உரித்தற்றது’ என்று சட்டம் சொன்ன காடுகளை வெட்டித் தோட்டமாக்கியவர் யாவர்? புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலுமிருந்து கங்காணிமார் அழைத்துவந்த நம் முன்னோரே. கிராமத்தான் இழந்தான், தொழிலாளி பெறவில்லை. ஆயினும் இவ்விருவரும் ஒருவரையொருவர் காரணமாகக் கண்டதுதான் மலைநாட்டு அரசியலின் பெருந்துயரம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தாற் குடியுரிமை போயிற்று. 1972இல் நிலச்சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இற் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அப்போதும் லயத்துக்கு உறுதி எழுதப்படவில்லை. 1977 மே மாதத்தில், 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்கு வழங்கும் முயற்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியிலே, தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். தனக்கு ஓர் அடி நிலமும் உரித்தில்லாத ஒருவர் நிலத்துக்காக உயிர்துறந்தார்.

‘நாலு தலைமுறையாக இருக்கிறோமே, அதுவே உரிமையன்றோ?’ என்று கேட்பவர் உளர். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பத்தாண்டுகள் எதிராட்சி செய்தவனுக்குத் தனியார் காணியிலே பாத்தியதை கொடுக்கும். ஆனால் அது முடிக்கெதிராகச் செல்லாது. அனுமதியோடு குடியிருப்பவனுக்கும் உதவாது. தொழிலாளி இருந்ததோ துரையின் அனுமதியோடு. நிலமோ பின்னர் அரசுக்குரியது. இரு கதவும் அடைபட்டன. நூற்றைம்பது ஆண்டுக் குடியிருப்பு, சட்டத்தின் கண்ணில் ஒருநாள் தங்கலுக்குச் சமமாயிற்று.

2003இற் குடியுரிமைச் சிக்கல் சட்டத்தினால் தீர்ந்தது. அதன்பின்னர் ஏழு பேர்ச் என்றும் பத்துப் பேர்ச் என்றும் வீட்டுக்காணி பேசப்பட்டு, சில இடங்களில் உறுதிகளும் கைக்கு வந்துள்ளன. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஆக, பத்துப் பேர்ச் என்பது பதினாறில் ஒரு பங்கு. அளவு சிறிதென்று குறைகூறுவோர் கூற்றில் நியாயமுண்டு. ஆயினும் அளவைவிட முக்கியமானது அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்பதே.

வீட்டை மட்டும் தருகிறதா, அடிநிலத்தையும் தருகிறதா? அளவைப் படமும் இலக்கமும் எல்லையும் அதில் உளவா? காணிப் பதிவகத்திற் பதியப்பட்டதா? வேலை விட்டபின்னும் செல்லுமா? மனைவியின் பெயரும் அதிலுண்டா? மகனுக்கும் மகளுக்கும் தடையின்றி இறங்குமா? அனுமதிப் பத்திரமா, அறுதியான உறுதியா? கொடுப்பவரின் விழா மேடையிலே இவ்வினாக்களைக் கேட்பது நாகரிகமன்று என்று எண்ணி வாங்கி வந்துவிடலாகாது. பேர்ச்மனின் பாத்தியதையும் ஒரு சொல்லிலேதான் நின்றது. சேனைக் குடியானவனின் முதுசொமும் ஒரு சொல்லிலேதான் விழுந்தது.

லங்காதிலகப் பாறையிலே எழுதியவர்கள் கொடுத்தவன் யார், பெற்றவன் யார், கொடுத்தது எது என்று, அயலார் படிக்கக்கூடிய இரு மொழிகளிலும் தெளிவாகப் பொறித்துச் சென்றனர். இன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுதப்படும் உறுதிகளும் அவர்கள் தாமே படித்துப் பொருளுணரக்கூடிய தமிழில், அதே தெளிவோடு எழுதப்படல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது இன்றைய பெற்றோரின் கடமை. இல்லையேல், அவர்தம் பேரப்பிள்ளைகள் கண்டிக் கச்சேரியின் படிகளில் ஏறி, தாம் பிறந்த வீடு தம்முடையதே என்று நிரூபிக்கவேண்டி வரும்.